டென்ட்டும் தூண்டிலும் தோப்புக்காவலும்

எங்க ஊருக்கு சிநேகிதர்கள் யாராவது வந்தா காட்டுறதுக்கு ஒரு பட்டியல் எப்பவும் தயாரா இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில், அண்ணாந்து பார்க்க அந்தக் கோபுரம், வெளியே வந்ததும் பால்கோவா. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தா ராஜபாளையம் தாண்டி அய்யனார் கோவில் ஆத்துல ஒரு குளியல். ஒரே நாள்ல முடிஞ்சிரும். சாயங்காலம் மதுரைக்கு பஸ் ஏத்திவிட்டு வீட்டுக்கு வந்துரலாம்.

இந்தத் தடவை வந்தவன் அந்த ரகம் இல்லை. காலேஜ் சிநேகிதன். பல வருஷமா அமெரிக்காவுல டென்வர் பக்கம் இருக்கான். நான் அங்கே போயிருந்தப்போ, ராக்கி மலை தேசியப் பூங்காவுக்குள்ளே என்னைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு ராத்திரி டென்ட்ல படுக்க வச்சவன். மார்கழியில லீவு போட்டு வர்றேன்னான். கோவில், கோபுரம் எல்லாம் வேண்டாமாம். "நான் உனக்கு எங்க மலையைக் காட்டினேன்ல, நீ உங்க மலையைக் காட்டு"ன்னு போன்லயே சொல்லிட்டான். மூணு நாள் திட்டமும் அவனே போட்டாச்சு. பகல்ல ட்ரெக்கிங், ராத்திரி காட்டுக்குள்ளே டென்ட், விடிஞ்சதும் ஓடையில மீன் பிடிச்சு அங்கேயே சுட்டுச் சாப்பிடறது.

கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல ஒண்ணுகூட அப்படியே நடக்காதுன்னு எனக்குத் தெரியும்.

கிருஷ்ணன்கோவில் தெரியாத மக்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையில இருந்து கொல்லம் போற நெடுஞ்சாலையில, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற ஊர். கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர்னு சொன்னா சட்டுன்னு பிடிபடும். இங்கே இருந்து வத்திராயிருப்பு ரோட்டுல திரும்பினா (எங்க வாய்க்கு அது வத்றாப்) வயல், தென்னந்தோப்பு, அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை. பஸ் ஸ்டாப்புல நின்னு பார்த்தாலே மலை தெரியும். தெரியுதேன்னு நினைச்ச நேரத்துக்கு ஏறிப் போயிட முடியாது, அதுதான் விஷயம்.

*

அவன்கிட்ட போன்லயே விளக்கினேன். இந்த மலையில பெரும்பகுதி 1988-லயே சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆயிருச்சு. 2021 பிப்ரவரியில மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. நாட்டுல 51-வது, தமிழ்நாட்டுல அஞ்சாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. அதுக்குள்ளே நம்ம இஷ்டத்துக்கு டென்ட் அடிக்கிறதும், ஓடையில தூண்டில் போடறதும், அடுப்பு மூட்டறதும் நடக்காது.

"உங்க ஊர்ல எல்லாத்துக்கும் தடைதான்டா"ன்னான்.

அப்போ அவனுக்குக் குரங்கணியை ஞாபகப்படுத்தினேன். 2018 மார்ச் மாசம், இதே மலைத்தொடர்ல தேனி மாவட்டத்துப் பக்கம். ட்ரெக்கிங் போன கூட்டம் காட்டுத்தீயில மாட்டிக்கிச்சு. இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. பாதி வயசுகூட வாழாத பிள்ளைங்க. காஞ்ச புல்லுச் சரிவு, காத்து, தீ எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாத இடம். அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேத்தத்துக்குன்னு தனியா விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஆரம்பிச்சு, 14 மாவட்டத்துல 40 பாதைகளை வழிகாட்டியோட திறந்துவிட்டாங்க. நம்ம மாவட்டத்துப் பாதையும் அதுல உண்டு.

இன்னொண்ணும் சொன்னேன். "உங்க ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? டென்ட் அடிக்கிற இடத்துக்கு மாசக்கணக்குல முன்னாடியே பதிவு பண்ணினே. மீன் பிடிக்க லைசன்ஸ் வாங்கினே. ராத்திரி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூட வெளியே வைக்க விடாம, கரடி வரும்னு எல்லாத்தையும் இரும்புப் பெட்டிக்குள்ளே வச்சுப் பூட்டினே. நான் ஏதாவது கேட்டேனா?"

சிரிச்சான். ஆனா ஒத்துக்கலை. "அங்கே எல்லாம் போர்டுல எழுதியிருக்கும். காசைக் கட்டினா கையில ஒரு தாளு. இங்கே யாரைக் கேட்கறதுன்னே தெரியாது"ன்னான்.

அதுவும் ஒரு நியாயமான பேச்சுதான். அந்த மூணு நாளும் அதுக்குப் பதில் தேடின மாதிரிதான் ஆச்சு.

*

முதல் நாள் சதுரகிரி. அமாவாசையை ஒட்டின நாள். வெள்ளனே கிளம்பி, வத்றாப்புல ஆளுக்கு நாலு இட்லி, அங்கிருந்து தாணிப்பாறை. மலையடிவாரத்துல வனத்துறை கேட். பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கா, தீப்பெட்டி இருக்கான்னு சோதிச்சுத்தான் விடுவாங்க. குறிப்பிட்ட நேரத்துக்குள்ளே கேட்டைத் தாண்டிடணும், ராத்திரி மேலே தங்கக் கூடாது.

நம்மாளு முழு அலங்காரத்துல வந்திருந்தான். கணுக்கால் வரைக்கும் பூட்ஸ், கையில மடக்குக் குச்சி ரெண்டு, முதுகுல தண்ணிப் பை, அதுல இருந்து வாய்க்கு ஒரு குழாய். பக்கத்துல ஏறின கூட்டத்துல பாதிப் பேர் வெறுங்கால். தலையில சாமி சாமான் மூட்டை. ஒரு அம்மா அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தம்பிக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?"ன்னு என்கிட்ட மெதுவா கேட்டுச்சு :)

அந்தப் பாதையில எனக்குப் பிடிச்சது அதோட பேருங்க. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பச்சரிசிப்பாறை, பலாவடிக் கருப்பு. பேரே போர்டு மாதிரி. எங்கே வழுக்கும், எங்கே பிடிச்சுக்கிட்டு ஏறணும், எங்கே கும்பிட்டுட்டுப் போகணும்னு பேர்லயே இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் தலைமுறை தலைமுறையா இந்த மலையை ஏறி இறங்கினது இதை வச்சுத்தான். அவன்கிட்ட இதைச் சொன்னப்போ ஒரு நிமிஷம் நின்னு, குச்சியால வழுக்குப்பாறையைத் தட்டிப் பார்த்துக்கிட்டான்.

ஓடையைத் தாண்டற ஒரு இடத்துக்கு வந்தோம். நல்ல வெயில். தண்ணி முழங்காலுக்குக் கீழேதான். ஆனா உச்சியில மேகம் அடைஞ்சு கிடந்துச்சு. வனத்துறை ஆளுங்க ரெண்டு பேர் இக்கரையில நின்னு எல்லாரையும் நிறுத்திக்கிட்டு இருந்தாங்க.

"மேல மழை விழுந்திருச்சு சார். இனி யாரும் தாண்ட வேண்டாம். கீழ இறங்குங்க."

நம்மாளுக்குப் பொறுக்கலை. "இங்கே ஒரு துளி மழை இல்லை. பத்து எட்டு வச்சா அந்தக் கரை. இதைவிடப் பெரிய ஆத்தையெல்லாம் தாண்டியிருக்கேன்"னு ஆரம்பிச்சான். அந்த வனக்காவலர் சண்டை போடலை. "மேல பெய்யிற மழை கீழ தெரியாது சார். தண்ணி வந்தப்புறம்தான் தெரியும்"னார். அவ்வளவுதான்.

2015 மே மாசம் நடந்தது எங்க பக்கத்துக்காரங்க யாருக்கும் மறக்காது. அமாவாசைக்கு வந்த கூட்டம். மேலே கோடைமழை கொட்ட, ஓடையில திடீர்னு வெள்ளம் இறங்கி, பக்தர்கள் பல பேர் அடிச்சிட்டுப் போயிட்டாங்க. மாட்டிக்கிட்டவங்களைக் கயிறு கட்டி இறக்கினாங்க. அதுக்கப்புறம்தான் கெடுபிடி இவ்வளவு இறுகிச்சு.

சொல்லியும் அவன் முகம் இறங்கலை. பன்னெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்து வந்தவன் பத்தடி ஓடையில நிக்கிறான். கோபம் வரத்தானே செய்யும்.

எங்களை நலம் விசாரிச்ச அந்த அம்மாவும் அங்கேதான் நின்னுச்சு. அருப்புக்கோட்டைப் பக்கமாம். வருஷக்கணக்கா வருதாம். மூட்டையை இறக்கிவச்சுட்டு, உச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. "இன்னிக்கு இம்புட்டுத்தான் கூப்பிட்டிருக்காரு. அடுத்த அமாவாசைக்குப் பார்ப்போம்"னு சொல்லிட்டு, சாமிக்குக் கொண்டுவந்த வாழைப்பழத்தை எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்துட்டு இறங்கிப் போயிருச்சு. அதுக்கு ஏமாத்தமே இல்லை. இல்லைன்னா இருந்தும் காட்டிக்கலை.

பழத்தை உரிச்சுச் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ளே தண்ணியோட நிறம் மாறிருச்சு. முதல்ல ரெண்டு மூணு காஞ்ச இலை வேகமா வந்துச்சு. அப்புறம் குச்சிகள். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி டீ கலருக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமா நாங்க கணக்கு வச்சிருந்த பாறையோட தலை மறைஞ்சு போச்சு. அவன் குச்சியை மடக்கிப் பைக்குள்ளே வச்சுட்டு, "வா, போலாம்"னான். வேற ஒண்ணும் பேசலை.

*

ராத்திரிக்கு என்னோட ஏற்பாடு. வத்றாப்புக்கு மேற்கே, பிளவக்கல் அணை போற பக்கம் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தரோட தென்னந்தோப்பு. (பிளவக்கல்ல பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. பெரியாறுன்னதும் முல்லைப் பெரியாறுன்னு நினைச்சுக்காதீங்க, இது வேற.) காடு முடிஞ்சு தோப்பு ஆரம்பிக்கிற இடம். பட்டா நிலம், அதனால ராத்திரி தங்கறதுல சிக்கல் இல்லை.

டென்ட்டைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். தடவிப் பார்த்தார். விலை கேட்டார். கேட்டதும் கையை எடுத்துட்டார். அப்புறம் தெளிவா சொல்லிட்டார்: "தம்பி, தரையில மட்டும் போடாதீங்க. மோட்டார் ரூம் மாடியில போட்டுக்கங்க."

காங்கிரீட் மாடியில டென்ட்டோட முளையை எங்கே அடிக்கிறது? நாலு மூலையிலயும் உரிக்காத தேங்காயை அடுக்கி, கயித்தை அதுல சுத்திக் கட்டினோம். கொலராடோ மலைக் காத்துக்குன்னு செஞ்ச டென்ட், வத்றாப் தேங்காயை நம்பி நின்னுச்சு.

சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். மார்கழிப் பனி. வானம் முழுக்க நட்சத்திரம். மலை கருப்பா ஒரு சுவர் மாதிரி. தவளைச் சத்தம். நம்மாளு அந்த நாள்ல முதல் தடவையா சந்தோஷமா பேச ஆரம்பிச்சான். "இதைத்தான்டா கேட்டேன். உனக்கு எவ்வளவு கொடுத்துவச்சிருக்கு அண்ணாச்சி, தினமும் இப்படி நட்சத்திரத்துக்குக் கீழே"ன்னு உணர்ச்சிவசப்பட்டுட்டான்.

அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலை. பெரிய டார்ச்சை எடுத்து பேட்டரி பார்த்தார். பழைய எண்ணெய் டின் ஒண்ணும் ஒரு கட்டையும் கைக்கெட்டற தூரத்துல வச்சுக்கிட்டார். தலையில துண்டைச் சுத்திக் கட்டிட்டுக் கட்டில்ல உட்கார்ந்தார். படுக்கலை.

"தூங்கலையா அண்ணாச்சி?"

"நீங்க தூங்குங்க தம்பி. நான் பகல்ல தூங்கிக்குவேன்."

யானை. அந்தப் பக்கத்துத் தோப்புக்காரங்க எல்லாருக்கும் அதுதான் கவலை. தென்னை மரத்தை முட்டிச் சாய்ச்சு, உள்ளே இருக்கிற குருத்தை மட்டும் தின்னுட்டுப் போயிரும். ஒரு ராத்திரி போதும். தென்னை வச்சுக் காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும். ஒழுங்கா நின்னா அறுபது வருஷம்கூடக் காய்க்கும். மரம் சாயறதுக்கு ரெண்டு நிமிஷம். வாழைன்னா அதுவும் வேண்டாம். யானை வராத நாள்ல காட்டுப்பன்னி.

ராத்திரி எத்தனை மணி இருக்கும்னு தெரியலை. வடக்கே எங்கேயோ டின் தட்டுற சத்தம். அடுத்த தோப்புல அதுக்குப் பதில் மாதிரி இன்னொரு டின். அப்புறம் ஒரு வெடி. சத்தம் தோப்பு தோப்பா எங்க பக்கமா நகர்ந்து வந்துச்சு. அண்ணாச்சி எழுந்து தட்ட ஆரம்பிச்சார். நாங்க ரெண்டு பேரும் டென்ட்டுல இருந்து தலையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா ஒரு சத்தம் கேட்டுச்சு. பச்சை மரம் நின்னவாக்குல முறியற சத்தம். நார் நாரா கிழிஞ்சு, கடைசியில தொப்புன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு.

அண்ணாச்சி தட்டறதை நிறுத்திட்டு எண்ணினார். "ரெண்டு"ன்னார்.

விடிஞ்சதும் போய்ப் பார்த்தோம். பக்கத்துத் தோப்பு. ரெண்டு இல்லை, நாலு. எல்லாம் காய்ப்புல இருந்த மரம். தோப்புக்காரர் சாஞ்ச மரத்து மேலயே உட்கார்ந்து, பிஞ்சுக் குலையைக் கையில வச்சுக்கிட்டு பேசாம இருந்தார். அவர் யானையைத் திட்டலை. வனத்துறைக்கு மனு எழுதணும், போட்டோ எடுக்கணும், வி.ஏ.ஓ.வைப் பார்க்கணும்னு ஒண்ணொண்ணா விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தார். நம்மாளு கழுத்துல தொங்கின கேமராவைக் கழட்டிப் பைக்குள்ளே வச்சான். அண்ணாச்சிதான் சொன்னார், "எடுங்க தம்பி, மனுவுக்கு ஆகும்"னு. அப்புறம் எடுத்தான். நாலு மரத்தையும், நாலு பக்கமா. அன்னிக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

திரும்பி வர்றப்போ சொன்னான்: "அங்கே கரடி வந்தா நாம சாப்பாட்டைப் பெட்டியில வச்சுப் பூட்டினோம். இவர் தோப்பை எந்தப் பெட்டியில வச்சுப் பூட்டுவார்?"

நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். டென்ட்டுக்குள்ளே இருந்து பார்க்கிறவனுக்கு அது ராத்திரி அழகு. கட்டில்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு அது ஷிஃப்ட் வேலை. ரெண்டும் ஒரே வானம்தான்.

*

ரெண்டாம் நாள் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து மேற்கே போனா மலையடிவாரம். சாம்பல் நிற அணிலைப் பார்க்கணும்னு அவனுக்கு ஆசை. நம்ம முற்றத்துல ஓடுற அணிலை மனசுல வச்சுக்கிட்டு வராதீங்க. இது பூனை அளவு. வால் மட்டுமே உடம்பு நீளத்துக்கு இருக்கும். தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் தவிர உலகத்துல வேற எங்கேயும் இல்லை.

அங்கே இருக்கிற பளியர் ஒருத்தர் கூட வந்தார். நாங்க கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கிட்டு நடந்தோம். அவர் பார்க்கவே இல்லை. "மேல பார்க்காதீங்க, கீழ பாருங்க"ன்னார். கீழே கொறிச்சுப் போட்ட புளியங்காய்த் தோடு புதுசா கிடந்துச்சு. அதுக்கு நேர் மேலே பார்த்தா, கிளையில மல்லாக்க வாலைத் தொங்கவிட்டுக்கிட்டு ஐயா உட்கார்ந்திருக்கார்.

இந்த அணில் முடிஞ்சவரை தரைக்கே வராது. ஒரு மரத்தோட கிளை இன்னொரு மரத்தோட கிளையைத் தொடுற இடமாப் பார்த்துத்தான் கூடு கட்டும். ஆபத்து வந்தா எந்தப் பக்கமும் தாவிப் போயிரலாம்ல. நடுவுல ஒரு மரத்தை வெட்டினா அதுக்கு ரோடு துண்டிச்ச மாதிரி. காட்டை ஒட்டின மாந்தோப்பு, புளியந்தோப்பெல்லாமும் அதுக்கு வழிதான். யானைக்கும் அப்படித்தான், அணிலுக்கும் அப்படித்தான். காடு இங்கே முடியுது, ஊர் இங்கே ஆரம்பிக்குதுன்னு நாம போட்ட கோடு அதுங்களுக்குத் தெரியாது. அந்தக் கோட்டுல உட்கார்ந்திருக்கிறவங்கதான் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்காங்க.

*

மூணாம் நாள் மீன். ஓடை இல்லை, கண்மாய். எங்க பக்கத்துக் கண்மாய்ல மீன் குத்தகை உண்டு. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பார். நேரா அவரைப் போய்ப் பார்த்தோம். "தூண்டில்னா போட்டுக்கங்க, வலை கூடாது. கட்லா, ரோகு மாட்டினா திருப்பி விட்டுருங்க. ஜிலேபி எம்புட்டுன்னாலும் எடுத்துக்கங்க"ன்னார். இதுதான் எங்க ஊர் லைசன்ஸ். தாளு கிடையாது, வாய் வார்த்தைதான்.

நம்மாளுகிட்ட மடக்குத் தூண்டில், சக்கரம், பெட்டி நிறைய கலர் கலரா பிளாஸ்டிக் பூச்சி. கரையில ஏற்கெனவே நாலு பசங்க. ஆளுக்கொரு குச்சி, தங்கூசி நரம்பு, சோளத்தட்டை நெட்டியில ஒரு தக்கை, சிரட்டையில மண்புழு. ஒரு மணி நேரம் ஆச்சு. பசங்க கம்பியில கோத்து வச்சது பத்துக்கு மேல. நம்மாளுக்கு ஒரு கட்டை விரல் அளவுகூட இல்லை. ஜிலேபிக் கெண்டைக்கு அந்தப் பிளாஸ்டிக் பூச்சி மேல மரியாதையே இல்லை.

ஒரு பையன் பாவம் பார்த்து ஒரு மண்புழுவைக் கோத்துக் கொடுத்தான். அடுத்த நிமிஷமே தக்கை முங்கிச்சு. உள்ளங்கை அளவு ஜிலேபி. நம்மாளு கையை நனைச்சுக்கிட்டு, பதவிசா முள்ளைக் கழட்டி, போட்டோ எடுத்துட்டு, தண்ணியில விட்டுட்டான்.

பசங்க அப்படியே உறைஞ்சு போயிட்டாங்க. "ஏண்ணே விட்டீங்க? அது கட்லா இல்லண்ணே, ஜிலேபி!"

"தெரியும் தம்பி. நாங்க பிடிப்போம், திருப்பி விட்டுருவோம். பாவம், பொழச்சுப் போகட்டும்."

பையன் யோசிச்சான். "திங்கிறதுக்கு இல்லன்னா அப்புறம் எதுக்குண்ணே அது வாயைக் கிழிக்கிறீங்க?"

கிண்டலே இல்லாம, நிசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டான். நம்மாளு பதில் சொல்லாம கொஞ்ச நேரம் தக்கையையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அவன் பக்கத்துலயும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிடணும். அவனோட மலையில அந்த மண்ணுக்கே உரிய ட்ரவுட் மீன் ஒண்ணு அழியற நிலைக்குப் போய் மீண்டு வந்துக்கிட்டு இருக்கு. அதைப் பிடிச்சா விட்டே ஆகணும். பனி உருகி வருஷம் முழுக்க ஓடுற ஆறு. விட்ட மீன் அடுத்த வருஷமும் இருக்கும். நம்ம கண்மாய் அப்படி இல்லை. மழைக்கு நிறையும், சித்திரை வைகாசியில தரை தட்டிரும். கடைசியில சேறு மட்டும் மிஞ்சறப்போ குத்தகைக்காரர் தன் பங்கை எடுத்துக்கிட்டு, ஊரையே இறங்கச் சொல்லிருவாங்க. ஊத்தா, கச்சா, வேட்டி, கொசுவலை எல்லாத்தோடயும் ஊரே இறங்கும். அன்னிக்கு எல்லார் வீட்டுலயும் மீன் குழம்புதான். மிச்சம் விட்ட மீன் கொக்குக்கு, இல்லைன்னா வெயிலுக்கு. இதுல ஜிலேபி வேற நம்ம ஊர் மீனே கிடையாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மீன், 1952-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பெருகிப் பெருகி மத்த மீனுக்கு இடம் இல்லாம பண்ணிருச்சு. அதைத் திருப்பி விடறது புண்ணியக் கணக்குல வராது.

இதையெல்லாம் விளக்கினது நான் இல்லை, அந்தப் பசங்கதான். அவங்க பாஷையில, அஞ்சு நிமிஷத்துல. எந்த மீனை விடணும், எதை எடுக்கணும், கெளுத்தியை முள்ளு குத்தாம எப்படிப் பிடிக்கணும், எந்த மடைப் பக்கம் ஆழம், எங்கே இறங்கவே கூடாது. ஒரு போர்டு இல்லை. எல்லாம் அவங்க வாய்ல இருந்துச்சு.

நம்மாளுக்கு அப்புறம் ஏழு மீன் விழுந்துச்சு. ஒண்ணைக்கூட விடலை. வீட்டுல அம்மா சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, மாங்காய் போட்டுக் குழம்பு வச்சாங்க. "நீ பிடிச்ச மீனாப்பா?"ன்னு கேட்டப்போ அவன் முகத்தைப் பார்த்திருக்கணுமே. ராக்கி மலையிலகூட அப்படி ஒரு பெருமையை நான் பார்த்தது இல்லை.

*

"இங்கே யாரைக் கேட்கறது"ன்னு போன்ல கேட்டான்ல. கிளம்பற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல அவனே சொன்னான்: "உங்க ஊர்ல கேட்கறதுக்கு ஆள் இல்லாம இல்லைடா. எல்லா இடத்துலயும் ஒருத்தர் நிக்கிறார்."

ஓடையில வனக்காவலர், தோப்புல அண்ணாச்சி, காட்டுல பளியர், கண்மாய்ல குத்தகைக்காரரும் பசங்களும். நமக்குப் பொழுதுபோக்கா இருக்கிற இடம் ஒவ்வொண்ணும் இன்னொருத்தருக்குப் பொழைப்பா இருக்கு, இல்லைன்னா சாமியா இருக்கு. அவங்களைக் கேட்டுட்டுப் போனா போதும். கேட்காம போனவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இந்த மலை ரெண்டு மூணு தடவை காட்டிருச்சு.

யாராவது வர்றதா இருந்தா, சில விஷயம்:

சதுரகிரிக்குப் பல வருஷமா அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாலு நாலு நாள்தான் விட்டுக்கிட்டு இருந்தாங்க. நாளும் நேரமும் அப்பப்போ மாறும், மழை வந்தா மூடிருவாங்க. விசாரிச்சுட்டே கிளம்புங்க. காட்டுப் பாதையில நடக்கணும்னா ட்ரெக் தமிழ்நாடு வழியா பதிவு பண்ணி, வழிகாட்டியோட போங்க. தீப்பிடிக்கிற காஞ்ச காலத்துல அந்தப் பக்கமே வேண்டாம். ராத்திரி தங்கல்னா தெரிஞ்சவங்க தோப்புல, அவங்க சொல்ற இடத்துல. மீனுக்கு மண்புழு போதும், பிளாஸ்டிக் பூச்சியை வீட்டுலயே வச்சுட்டு வாங்க. மார்கழி, தை நல்ல காலம். கண்மாய்ல தண்ணி இருக்கும், பனி இருக்கும், மலை பச்சையா இருக்கும்.

அப்புறம் யாராவது "இதுக்கு மேல வேண்டாம் தம்பி"ன்னு சொன்னா, அங்கேயே நின்னுருங்க. வாழைப்பழம் கிடைச்சாலும் கிடைக்கும்.

பி.கு: டென்ட்டை அவன் திருப்பி எடுத்துட்டுப் போகலை. அண்ணாச்சிக்கே கொடுத்துட்டான். போன வாரம் தோப்புப் பக்கம் போனேன். மோட்டார் ரூம் மாடியில அது நிக்குது, மூலைக்கு மூலை தேங்காயோட. பனிக்கு அடக்கமா இருக்காம். "படுத்தா தூக்கம் வந்துருது தம்பி, அதான் சங்கடம்"ங்கிறார் அண்ணாச்சி. அதனால உள்ளே உட்கார்ந்தே இருக்காராம்.